ராத்தங்க ஓர் இடம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காரைக்காலுக்குள் வேன்கள் வர ஆரம்பிக்கும். சென்னை, புதுச்சேரிப் பக்கத்து வண்டிகள் தரங்கம்பாடி தாண்டி நண்டலாறு வழியாகவும், கும்பகோணம் சுற்றி வருபவை பேரளம், அம்பகரத்தூர் வழியாகவும், நாகூர் பார்த்துவிட்டு வருபவை வாஞ்சூர் வழியாகவும் வரும். எல்லாம் போய்ச் சேர்வது திருநள்ளாறுக்குத்தான். சனிக்கிழமை விடியுமுன் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு, தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனீஸ்வரரைக் கும்பிட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வந்து சேர்கிற குடும்பத்துக்கு நாலு மணி வரை, மூன்றே மணி நேரம், கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால் அம்மையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1962 ஆகஸ்டில் காரைக்கால் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது நான் கைக்குழந்தை. எதிர்வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்களுக்கு அது சொல்தா வீடு. அவர் வீட்டுத் திண்ணையும் எங்கள் வீட்டுத் திண்ணையும் தெருவில் எதிரெதிரே இருக்கும். காவிச் சிமெண்ட் போட்டு வழவழவென்று தேய்த்தது. ஓர் ஓரத்தில் தலைமாட்டுக்கென்றே சரிவாகக் கட்டிய மேடு, சுவரில் விளக்கு மாடம், தூணோரம் மணல் பரப்பி அதன்மேல் ஒரு மண்பானை. பானையின் வாயை மூடிய தட்டின்மேல் சொம்பு எப்போதும் கவிழ்த்து இருக்கும். அந்தச் சொம்பை யாரும் எடுத்துக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குக் கூண்டு வண்டிகள் வரும். பசித்து வந்த சிவனடியாருக்கு வீட்டில் இருந்த மாம்பழத்தை எடுத்துப் படைத்தவர் எங்கள் ஊர் அம்மையார். அவர் பெயரால் நடக்கிற விழாவில், வந்தவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்ல எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது. மாட்டை அவிழ்த்து வண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டு, ஆண்கள் திண்ணையிலும் பெண்கள் ரேழியிலும் படுத்துக்கொள்வார்கள். பின்கட்டுக் கிணற்றடிக்குப் பெண்கள் எந்த நேரமும் போய்வரலாம். அப்பாயி அதற்காகவே கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்திருப்பாள்.

அந்தத் திண்ணையை நினைத்து உருகிவிட்டுப் போக என்னால் முடியாது. வந்தவர்களிடம் அப்பாயி கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த ஊரு?’ ஊரைச் சொன்னதும், ‘அங்க எந்தத் தெரு?’ தெரு தெரிந்துவிட்டால் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சொம்பில் தண்ணீர். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவுக்குள்ளேயே வராமல், குளத்தங்கரை மரத்தடியில் கைக்குழந்தையோடு படுத்துக் கிடந்தார்கள். மழை பெய்தால் நனைந்தார்கள். ஊரே உபசரித்த காலம் என்று இன்று சொல்கிறவர்கள் அந்த மரத்தடியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டுத் திண்ணையைவிடப் பெரிய ஏற்பாடும் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடந்தவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், கடற்கரை வழியில் மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். 1799-இல் சரபோஜி மன்னர் ராஜ்ஜிய நிர்வாகத்தையே கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார், ஆனால் சத்திரங்களை விட மனமில்லை. 1801-இல் ரெசிடெண்டாக இருந்த டோரினுக்கு அவர் எழுதிய கடிதத்தில் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு, சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்குச் சமைக்காத அரிசி. நோயோடு வந்தவர்களுக்கு மருந்தும் வைத்தியரும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கவனிப்பு, குழந்தைகளுக்குப் பால். பகலில் சாப்பிட முடியாமல் போனவர்கள் இருந்தால் வரட்டும் என்று நடு ராத்திரியில் ஒரு முறை மணி அடிப்பார்களாம்.

அந்த நடு ராத்திரி மணியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வழிப்போக்கன் நம் வசதிக்கு வருவதில்லை, அவன் வழி அவனைக் கொண்டுவந்து விடுகிற நேரத்துக்குத்தான் வருவான். அதை உணர்ந்த யாரோ அந்த மணிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

வெள்ளைக்கார அரசாங்கம் 1867-இல் போட்ட சராய் சட்டமும் இதே வழியில்தான் யோசித்திருக்கிறது. வழிப்போக்கர் தங்கும் இடம் நடத்துகிறவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், சுத்தமாக வைத்திருக்க வேண்டும், தங்குகிற மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் வண்டிகளுக்கும் காவலாள் போட வேண்டும், கட்டண விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சட்டத்திலேயே வண்டிக்குக் காவல் இருந்திருக்கிறது.

இப்போது திருநள்ளாற்றில் லாட்ஜுக்குக் குறைவில்லை. தேவஸ்தான விடுதியும் இருக்கிறது. அங்கே யாரும் தெருவைக் கேட்பதில்லை. ஆதார் அட்டையைக் கேட்கிறார்கள், காசைக் கேட்கிறார்கள், சாவியைக் கொடுக்கிறார்கள். இந்த மாற்றம் பெரிது. மரத்தடியில் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நேராக வரவேற்பு மேசைக்குப் போய் அறை கேட்க முடிகிறது என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு. ஆனால் அறைக்கு ஒரு முழு நாள் வாடகை. பதினைந்து பேர் வந்தால் நாலு அறை. மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டால் மறுநாள் ஆலங்குடிக்கும் சூரியனார்கோயிலுக்கும் போக டீசலுக்குக் காசு இருக்காது.

அதனால் வேனிலேயே தங்குகிறார்கள். இந்த வண்டிகளை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கூரைமேல் கேரியரில் அண்டா, அரிசி மூட்டை, சுருட்டிய பாய். பின்சீட்டுக்குக் கீழே ஸ்டவ்வும் தண்ணீர் கேனும். வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் ஆண்களுக்கு அறை தயார். பெண்கள் உள்ளே சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். முன்னோர் மாட்டு வண்டியில் கொண்டுவராத வசதியெல்லாம் இந்த வேனில் இருக்கிறது. அதை நிறுத்த இடம்தான் இல்லை. கடைக்காரர் வாசலை மறைக்கிறது என்கிறார், போலீஸ்காரர் ரோட்டை அடைக்கிறது என்கிறார். தள்ளித் தள்ளிக் கடைசியில் இருட்டான வயலோரத்தில் போய் நிற்கிறார்கள்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, வீங்கிய கால்களைப் படியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் கண்ணு. வண்டி ஏறினா பொழுது சாஞ்சதும் தண்ணி குடிக்கிறதில்ல. நடுச்சாமத்துல எங்க போறது?”

சர்க்கரை வியாதிக்காரர் அவர். எத்தனை பெண்கள் இப்படி நாக்கு வறண்டு கோயில் கோயிலாகச் சுற்றுகிறார்கள் என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதியே இருக்கிறது. நடு ராத்திரியில் பூட்டியிருக்கும் கதவுக்கு முன்னால் அந்த விதியைச் சொல்லி என்ன பயன்?

இதில் எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களை எங்கள் ஊர் எப்படி நடத்துகிறது என்று வந்து பார்க்க வேண்டும். சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்து, விளக்குப் போட்டு இழுத்துக்கொண்டு வருவார்கள். ரோட்டோரம் பந்தல், மோர், சோறு, காலுக்குத் தைலம். மாதா கோயில் வளாகத்திலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் படுக்க இடம் கொடுப்பார்கள். எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. நடந்து வந்தால் திறக்கிற கதவு வேனில் வந்தால் திறப்பதில்லை. வேன் என்றால் வசதிக்காரர் என்று நினைக்கிறோம் போலிருக்கிறது. பலர் வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருகிற வண்டி அது.

இடம் கொடுக்காவிட்டால் ஒருநாள் கஷ்டத்தோடு போய்விடும் என்றும் இல்லை. 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரை ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். லக்னோவிலிருந்து புறப்பட்ட சுற்றுலாப் பெட்டியைக் கழற்றி நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலையில் உள்ளே டீ போட சிலிண்டரைப் பற்றவைத்தபோது தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறிச் சிலிண்டர் கொண்டுவந்தார்கள் என்பது உண்மை. தூர தேசம் போகிற குடும்பம் தன் அடுப்பையும் கூடவே கொண்டுபோகும் என்பதும் உண்மை. அதைப் பத்திரமாகப் பற்றவைக்க வெளியே ஒரு சமையல் மேடை இருந்தால் அடுப்பு உள்ளே போகாது. கேரளத்தில் வடகரையில் 2024 டிசம்பரில் ரோட்டோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது. ஏசியை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குகிற எந்த வண்டிக்கும் அந்த ஆபத்து உண்டு. கேரளம் 2021-இலேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்து, மின் இணைப்பும் தண்ணீரும் உள்ள நிறுத்தங்களுக்கு வழி செய்தது. பணம் உள்ள பயணிக்கு அது. எங்கள் வெள்ளிக்கிழமை வேன்களுக்கு அதில் கால்வாசி போதும்.

இடத்துக்குப் பஞ்சமும் இல்லை. திருநள்ளாறு ரோட்டில் எத்தனை கல்யாண மண்டபங்கள்! ஒவ்வொன்றிலும் மதில், கேட், விளக்கு, போர், வரிசையாகக் கழிப்பறை, பெரிய சமையல்கட்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும். திருநள்ளாற்றில் 2017, 2020, 2023 என்று மூன்று சனிப்பெயர்ச்சிகள் அடுத்தடுத்து மார்கழியில்தான் வந்தன. பெயர்ச்சி நாளில் மாவட்ட நிர்வாகம் தற்காலிக நிறுத்தம், கழிப்பறை, விளக்கு எல்லாம் ஏற்பாடு செய்கிறது. ஒரு நாளைக்கு முடிகிற காரியம் வெள்ளிக்கிழமைதோறும் முடியாதா?

ஒரு மண்டபத்துக் காவலாளி முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேட்டைத் திறந்துவிடுகிறார். வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு, பந்தி மண்டபத்தில் பாய் விரிக்க விடுகிறார். பெண்கள் பக்கத்துக் கழிப்பறையில் விளக்கு விடிய விடிய எரிகிறது. அந்தத் தொகையைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டக்கூடாதா, வருகிறவர்களுக்குத் தைரியமாக இருக்குமே என்று கேட்டேன்.

“எழுதினா லாட்ஜ் லைசென்ஸ் எங்கன்னு வந்துடுவாங்க டீச்சர். மொதலாளி அதுக்குத்தான் பயப்படுறாரு.”

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் மண்டபங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் ஒருநாள் ராத்திரி அனுமதி எளிதாகக் கிடைக்கும்படி செய்யக் கேட்டு ஒரு மனு எழுதி, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். மதிலும் விளக்கும் உள்ள இடம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள பெண்கள் கழிப்பறை, நல்ல தண்ணீர்க் குழாய், கூரை போட்ட சமையல் மேடை, ஒரு காவலாள், மணிக் கணக்கில் கட்டணம், அது எழுதிய பலகை. போன வாரம் ஓசூர் வண்டி டிரைவர் ஒருவர் அந்தத் தாளை வாங்கி டாஷ்போர்டு வெளிச்சத்தில் முழுவதும் படித்தார்.

“டிரைவருக்குத் தனியா படுக்க ஒரு ரூம் போடுங்கம்மா. பதினைஞ்சு உசுரு எங்க கண்ணை நம்பித்தான் வருது. இவங்க சமைச்சு, குளிச்சு, பேசிக்கிட்டிருக்கற எடத்துல எனக்குத் தூக்கம் வராது.”

பேனா கேட்டார், கொடுத்தேன். தண்ணீர்க் குழாய்க்கு மேலே, கழிப்பறைக்கு அடுத்த வரியில் அவரே எழுதிக் கொடுத்தார்.