விடியலை மத்தியானமாக்கியவன்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் எதிரே, செங்கம் சாலையில் நின்றால் மலை வடக்கே இருக்கும். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரும். உச்சி சிவந்த பிறகும் அடிவாரம் இருட்டிலேயே கிடக்கும். இந்த ஒரு படத்தைத்தான் பல வருஷமாக விதவிதமாகக் கெடுத்து வருகிறேன்.

ஆட்டோ மோடில் விட்ட கேமராவிலிருந்து ஃபிளாஷ் தானே பளிச்சிட்டது ஆரம்ப காலம். சில மீட்டரோடு நின்றுவிடும் வெளிச்சம் அது. மலையோ 2,668 அடி. மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நடைபாதையில் கண்மூடி உட்கார்ந்திருந்த சாது ஒருவர்தான் விழித்துக்கொண்டு, "மலை தெரியலையா சாமி?" என்றார்.

பிறகு ஞானம் வந்தது. படத்தில் புள்ளி விழக்கூடாதென்று ஐ.எஸ்.ஓ. 100, எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்று எஃப் 11. ஷட்டர் அரை விநாடி திறந்தே கிடந்தது. கேமராவோ கையில். யுகயுகமாக அசையாத மலையை ஆட்டிக்காட்டிய பெருமை எனக்குண்டு. எஃப் 2-க்குத் திறந்திருந்தால் முப்பது மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். அதைச் செய்யாமல் ட்ரைபாட் வாங்கினேன். மலை நின்றது, கிரிவலம் போனவர்கள் காலில்லாமல் மிதந்தார்கள்.

இதே ஆசிரமத்தில் 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் படமெடுத்தார். ஃபிளாஷ் பிடிக்காத மனிதர். அன்றைய ஃபிலிமின் வேகமும் சொற்பம். என் கேமராவில் ஐ.எஸ்.ஓ. 25,600 வரை போகலாம். இதற்குமேல் இந்த ஒப்பீட்டை நீட்ட விருப்பமில்லை.

கேமராவின் ஒளிமீட்டருக்கு இருட்டு என்பது சரிசெய்ய வேண்டிய குறை. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தன் பங்குக்கு விடிகாலை நீலத்தையும் துடைத்துவிடும். டீக்கடைக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பதினோரு மணிக்கு எடுத்ததா சாமி?" என்றார். உடனே எக்ஸ்போஷரைக் குறைத்தேன். இருட்டில் கேமராத் திரை ஜொலிக்கும், அதை நம்பி இன்னும் குறைத்தேன். வீட்டில் திறந்தால் கரி. ஹிஸ்டோகிராம் என்று ஒன்று இதற்காகத்தான் இருக்கிறதாம்.

அதைவிடப் பெரிய தொல்லை, நேரம். நம் ஊர்ப் பக்கம் சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இருந்து மேலே எட்டிப்பார்க்க இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குள் வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் பெருகிவிடும். ஏறக்குறைய மூன்று நிமிஷத்துக்கொரு முறை இரட்டிப்பு. மெனுவைத் துழாவி நான் சரியான அளவைக் கண்டுபிடிக்கும்போது, அது போன வெளிச்சத்துக்கான அளவு.

கடைசியில் ஒருவழியாகத் தேறினேன். ஷட்டர் 1/125, எஃப் 2, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் கேமராவின் பொறுப்பில் விட்டு, எக்ஸ்போஷர் மைனஸ் 2. மலை மலையாகவே வந்தது. அந்தப் பூரிப்பில், மற்ற அளவுகளை மாற்றிவிட்டு மைனஸ் 2-ஐ மட்டும் மாற்ற மறந்து, அன்று மதியம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து முழுவதையும் எடுத்துத் தள்ளினேன். உச்சிவெயிலில் நடந்த விசேஷம் அதிகாலை நாலு மணிக்கு நடந்ததுபோல வந்திருந்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் யாரென்று தெரியவில்லை. அவருக்கு இன்னும் என்மேல் கோபம்.