செல்லாக்காசியல்: ஓவல்டின் டப்பா ஒன்றை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

காசு இரண்டு வகைப்படும்: செல்லும் காசு, செல்லாக்காசு. பொருளியல் அறிஞர்கள் முதல் வகையைப் பற்றி மட்டுமே பேசிக் களைத்துவிட்டார்கள். அடுத்த வகைக்கென்று ஒரு தனித்துறை இல்லாத குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. துறைக்குச் செல்லாக்காசியல் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாணயவியல் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே எனலாம். இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளின் வரலாற்றை 1890இலேயே நூலாக்கிவிட்டார். ஆனால் அவர் எங்கள் அப்பத்தாவைக் கலந்தாலோசிக்கவில்லை. அப்போது அப்பத்தா பிறந்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் அவர் பக்கம் சொல்லத்தக்க நியாயம்.

ஆய்வுக்களம், திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் உள்ள சாணார்பட்டி. ஆய்வுப்பொருள், எங்கள் வீட்டுப் பரணில் புளிப்பானைக்குப் பின்னால் இருந்த ஓவல்டின் டப்பா. அதில் பெரும்பான்மைச் சமூகம் ஓட்டைக் காலணாதான். இரண்டாம் உலகப்போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நடுவில் துளையிட்டுச் செம்பை மிச்சம்பிடித்து 1943 முதல் 1947 வரை அடித்த காசு அது. 16 அணா ஒரு ரூபாய், 4 காலணா ஓர் அணா. ஆக 64 ஓட்டைகள் சேர்ந்தால் ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்று கணக்கு மாறியதும் காலணா ஓய்வு பெற்றது. அதன்பின் அது குழந்தையின் அரைஞாணில் தொங்கியிருக்கிறது, போல்ட்டுக்கு வாஷராக இருந்திருக்கிறது. ஓட்டை இருந்ததால் வேலை கிடைத்த ஒரே பொருள் என்ற வகையில் அது தனி ஆய்வுக்கு உரியது. விற்கப்போனால் டீச்செலவுக்கு ஆகும். எல்லார் வீட்டுப் பரணிலும் இருப்பதை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

இங்கே முதல் கருதுகோளை முன்வைக்கிறேன்: ஒரு காசு செல்லுமா என்பதைத் தீர்மானிப்பது அரசு அல்ல, எதிரில் நிற்கிற ஆள். சான்று, பத்து ரூபாய் நாணயம். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அந்த 14இல் ஒன்றை நீட்டி டீக்கடையில் ஒரு வடை கேட்டேன். “நோட்டா இருந்தா குடுங்கண்ணே” என்றார் கடைக்காரர். அறிவிப்பை எடுத்துச் சொன்னேன். “அப்ப அவங்ககிட்டயே போய் வடை வாங்கிக்கங்க” என்றார். செல்லுகிற காசு செல்லவில்லை என்பது இப்படி ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. செல்லாத காசு செல்லுமா என்பதே எஞ்சிய கேள்வி.

அதற்கு விடையாக டப்பாவின் அடியில் ஒரு பென்னி கிடந்தது. சண்டைக்குப் போன பெரிய தாத்தா கொண்டுவந்தது என்பது குடும்ப வழக்கு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் சூலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா. அப்பத்தாவைப் பொறுத்தவரை அது ஏதோ ஒரு காளியாத்தா. ஆண்டு 1919 என்பது மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் பச்சைக் களிம்பு.

அந்த 1919இல்தான் விஷயம் இருக்கிறது. அப்போது லண்டன் அக்கசாலைக்குக் கை ஓயாத வேலை. பென்னியின் ஒரு பகுதியை அடிக்கும் பொறுப்பு பர்மிங்காமின் இரண்டு நிறுவனங்களுக்குப் போயிற்று. ஆண்டுக்கு இடப்பக்கம் ‘எச்’ என்று பொடி எழுத்து இருந்தால் ஹீட்டன், ‘கே.என்.’ என்று இருந்தால் கிங்ஸ் நார்ட்டன். கே.என். பென்னி எளிதில் அகப்படாது; தேயாமல் கிடைத்தால் நல்ல விலை. எங்கள் களிம்புக்கு அடியில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது.

பென்னிகளில் மூத்த மகாராஜா 1933ஆம் ஆண்டுப் பென்னி. அந்த ஆண்டு நாட்டில் போதுமான சில்லறை இருந்ததால் புழக்கத்துக்கென்று பென்னியே அடிக்கவில்லை. ஆனால் கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டும்போது அந்த ஆண்டுக் காசுகளைக் கல்லுக்கு அடியில் வைப்பது அவர்கள் வழக்கம். அதற்காக மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அடித்தார்கள். ஒன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்கு அடியில் போயிற்று. லீட்ஸ் நகரத்துத் தேவாலயங்கள் இரண்டின் அடியிலும் ஒவ்வொன்று. 1970இல் அவற்றில் ஒரு கோயிலின் அடிக்கல்லைத் திருடர்கள் பெயர்த்துக் காசைக் கொண்டுபோனார்கள். மற்றக் கோயிலுக்கும் அதே கதி நேரும் என்று அஞ்சிய பிஷப், அங்கிருந்ததைத் தாமே தோண்டி எடுக்கச் சொல்லி 1972இல் விற்றுவிட்டார். திருடனுக்குப் பயந்து உண்டியலை நாமே உடைப்பது என்ற இந்த உத்தி நம்மூர் அறநிலையத் துறையின் கவனத்துக்கு எட்டாமல் இருப்பது நல்லது. 1933க்கான மாதிரிப் பென்னி ஒன்று 2016இல் லண்டன் ஏலத்தில் 72,000 பவுண்டுக்குப் போனது. 240 பென்னி ஒரு பவுண்டாக இருந்த காலத்தில் அடித்த காசு அது. பெருக்கலை வாசகருக்கு விடுகிறேன்.

மதிப்பு புதையலில் இருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. 1808இல் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கென்று பர்மிங்காமில் 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை அடித்தார்கள். நம் ‘காசு’தான் அதில் ‘கேஷ்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறது. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நமக்குச் சேரவேண்டிய காசு 175 ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்து, 1980களில் மேலே வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் வந்தது. அதனாலேயே மலிந்துபோய், சாதாரணச் சேகரிப்பாளரும் வாங்கும் விலையில் விற்கிறது. கப்பலே முழுகினாலும் ஒன்றிரண்டு காசோடு முழுகியிருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

ஏலத்துக்கு வருவோம். லண்டனில் எல்லார் முன்னிலும் எண்பலகையைத் தூக்குகிறார்கள். ஒருவர் சுத்தியலால் தட்டுகிறார். விழுந்த விலைக்கு மேல் கமிஷன் கூட்டுகிறார்கள். கமிஷன் கடையில் புளி போட்டுப் பழகிய சாணார்பட்டிக்காரனுக்கு அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். நம் மாட்டுச் சந்தையில் இவ்வளவு ஆரவாரம் கிடையாது; துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடிந்துவிடும். கோயில் ஏலம் வேறு. திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில், பங்குனி உத்திரத்தில் வேலில் செருகிய 9 எலுமிச்சம்பழங்கள் 2024இல் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. நாலு நாளில் அழுகிவிடும் பொருளுக்கு இந்த விலை! பிள்ளைவரம் கேட்டு வாங்குகிறவர் பழத்தையாவது சாப்பிடுகிறார். பென்னியை வாங்குகிறவர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார். பூட்டு என்றால் திண்டுக்கல் என்பதால் அந்த வகையில் நமக்கும் இத்தொழிலில் ஒரு பங்கு உண்டு.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று போட்ட ‘கம்பெனி அணா’ அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடவும். அப்படியொரு அணாவைக் கம்பெனி அடித்ததே இல்லை. பழைய காசை வாங்கித்தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் பறிப்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. அரிசியை இழுக்கும் ஆற்றல் உண்மையில் ரேஷன் அட்டைக்கு மட்டுமே உண்டு.

இனி முக்கியமான பரிசோதனை. மதுரையில் பழங்காசு விற்கும் ஒருவரிடம் பென்னியின் படத்தைக் காட்டினேன். “எதுவும் செய்யாதீங்க தம்பி, அப்படியே கொண்டாங்க” என்றார். வீடு திரும்பினால் திண்ணையில் டப்பா காலி. அப்பத்தா பழம்புளியும் சாம்பலும் போட்டு அத்தனை காசையும் தேங்காய் நாரால் தேய்த்து, முறத்தில் காயவைத்திருந்தது. ஓட்டைக் காலணாக்கள் பொன்னாக மின்னின. பென்னி அதைவிட மின்னியது.

“ஏன் அப்பத்தா இப்படிப் பண்ணுன?”

“ஏன்டா, வெளக்காம வச்சிருந்தா அது காசாடா? களிம்பு புடிச்சுக் கெடக்கு.”

சைவ சித்தாந்தமும் நாணயவியலும் மோதும் இடம் இது. ஆன்மாவைப் பற்றிய ஆணவத்தைச் செம்பில் ஊறிய களிம்பு என்பார்கள் சித்தாந்திகள். அது நீங்கினால்தான் கதிமோட்சம். நாணயவியலார்க்கோ காலம் பூசிய மேற்பூச்சே காசின் உயிர். அதைத் தேய்த்தெடுத்தால் விலை போயிற்று. அப்பத்தா சித்தாந்தத்தின் பக்கம். பென்னியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆண்டுக்கு இடப்பக்கம், பொடியாக, ஐயமே இல்லாமல் ‘கே.என்.’ என்று இருந்தது. எழுத்தைக் காட்டியதும் புளி, விலையைக் கரைத்ததும் புளி. புதுப் படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். “யாரு வெளக்குனது?” என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த வாரம் தம்பி கட்டுகிற வீட்டுக்கு நிலை வைத்தார்கள். நவரத்தினப் பொட்டலத்தோடு நல்ல காசாக ஒன்று போடவேண்டும் என்று கொத்தனார் கேட்க, நான் பந்தலுக்கு வந்து சேர்வதற்குள் அப்பத்தா முந்தானையை அவிழ்த்துவிட்டது. இருப்பதிலேயே பளபளப்பானது அதுதானே. மேலே சிமென்ட் போட்டுப் பூசியாயிற்று. திருடர் பயம் பற்றியும் அந்தப் பிஷப்பின் முன்னுதாரணம் பற்றியும் தம்பியிடம் விரிவாக எடுத்துச் சொன்னேன். செனட் ஹவுஸுக்கு அடியில் இருப்பதை லண்டன் பல்கலைக்கழகம் என்றைக்குத் தோண்டுகிறதோ, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.