மிதி, பிடி, விடு

எங்கள் மாருதி 800ஐ வாங்கியது 1999இல். 2014 ஜனவரியில் அந்த மாடல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். வண்டிக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் தகராறு.

"பிரேக் சரியாப் பிடிக்கலைங்க" என்று முதலில் சொன்னவள் என் மனைவி.

"பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும்தானே மிதிச்சுக்கிட்டு வர்றேன்."

பொய்யில்லை. ஓட்டுநர் பக்கத்து மிதியடி புதுசாக இருக்கிறது. அவள் பக்கத்து மிதியடிதான் தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது.

பதினைந்து வருஷமான சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2014, 2019 என்று இரண்டு கண்டம் தாண்டியாகிவிட்டது. 2024 வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் பிரேக்கைப் பார்ப்பார். எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். "பின்னாடி ஷூ தேஞ்சிருக்கும் சார். விட்டுட்டுப் போங்க, மூணு நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றார். மூன்று நாளா? இணையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதே வேலையைப் பன்னிரண்டு நிமிஷத்தில் செய்து, கடைசியில் கைக்குட்டையால் கையையும் துடைத்துக்கொண்டார். நான் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்தவன். இது முடியாதா?

ஜி.பி. ரோட்டுக்குப் போய் பிரேக் ஷூ ஒரு செட், வீல் சிலிண்டருக்கு பக்கெட் வாஷர், அரை லிட்டர் பிரேக் ஆயில் வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நங்கநல்லூர் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், கைலியோடு களத்தில் இறங்கினேன்.

பாதுகாப்பு முக்கியம் அல்லவா? முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். ஹேண்ட் பிரேக்கை மூன்று மடங்கு பலத்தோடு இழுத்துவிட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கு கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, நடு நட்டையும் கழற்றினேன். ஷூவை மூடியிருக்கும் டிரம் வரவில்லை. இழுத்தேன். மரச்சுத்தியலால் தட்டினேன். துருவுக்கான எண்ணெய் அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். மறுபடி இழுத்தேன். காருக்கும் எனக்கும் நடுவே எது முதலில் கழன்று வரும் என்ற கட்டத்தில் வாட்ச்மேன் வந்தார்.

"சார், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கீங்க."

"ஆமா, வண்டி உருளக் கூடாதில்ல?"

"அது பின் டிரம்மைத்தானே சார் பிடிச்சுக்கிட்டு இருக்கு?"

கணக்குத் தணிக்கையில் இப்படி ஒருவர் வந்து சொன்னால் 'குறிப்பெடுத்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதுவோம். குறிப்பெடுத்துக்கொண்டு உள்ளே போய் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். டிரம் குழந்தை மாதிரி கையோடு வந்தது.

உள்ளே இரண்டு ஷூ, அவற்றை இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்குகள். ஒரு பக்கம் கழற்றும்போது மறு பக்கத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும், பார்த்து மாட்டலாம் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் இடது பக்கம் வலது பக்கத்தின் கண்ணாடிப் பிம்பம். பார்த்து மாட்டினால் தலைகீழாகத்தான் மாட்டுவோம். ஒரு ஸ்பிரிங் ஸ்க்ரூடிரைவரிலிருந்து நழுவிப் பறந்து, முதல் வீட்டு மாமியின் துளசி மாடத்தில் அடைக்கலம் புகுந்தது. மாமி அதை மஞ்சள் குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டேன். அதுவரை நான் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது ஏர் எடுப்பது. பிரேக் குழாயில் எண்ணெய்தான் இருக்க வேண்டும். எண்ணெய் நசுங்காது, மிதித்த விசையை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்று நசுங்கும். குழாயில் காற்று இருந்தால் நம் உதையெல்லாம் அதை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிற ஜாதி. புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டிய டாட் 3 ஆயில், ஈரம் ஏறினால் 140ஐத் தாண்டியதுமே கொதிக்கலாம். என் வண்டியில் இருந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அதுவும் இரண்டாம் டிகாக்‌ஷன் இல்லை, முதல் டிகாக்‌ஷன்.

இதற்கு ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் பெடலில்; இன்னொருவர் கீழே, சக்கரத்தில் காற்றைத் திறந்துவிடும் நிப்பிளில். மீன்தொட்டிக் குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கி வைத்தேன். மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து மூன்று சொல் சொல்லிக்கொடுத்தேன். "மிதி"ன்னா மிதிக்கணும். "பிடி"ன்னா அழுத்தினபடியே இருக்கணும். அப்பதான் நான் நிப்பிளைத் திறந்து மூடுவேன். "விடு"ன்னு சொன்னாத்தான் காலை எடுக்கணும்.

"எவ்வளவு மிதிக்கணும்?"

"தரையைத் தொடற வரைக்கும்."

"அவ்வளவு வேணுமாங்க?"

"சொன்னதைச் செய்."

இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. நாதஸ்வரமும் தவிலும் மாதிரி சேர்ந்து வந்தது. குழாயில் குமிழிகள் போவதைப் பார்க்க எனக்கு வைகுண்டமே தெரிந்தது. அப்போது பார்த்து அவள் குரல்: "என்னங்க, பால்காரர் பாக்கி கேட்டு வந்திருக்கார்."

"விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

விட்டாள். நிப்பிள் திறந்திருந்தது. வெளியே தள்ளிய காற்றெல்லாம் வட்டியோடு உள்ளே போயிற்று.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாலாவது சக்கரம் முடிகிற நேரத்தில் வாட்ச்மேன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "சார், டப்பா காலியா இருக்கே" என்றார். மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்தால் அங்கிருந்தும் காற்று இறங்கும். மறுபடி முதலிலிருந்து. அதற்குள் இன்னொன்றும் விளங்கியது. பெடலுக்கு முன்னால் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எட்ட இருக்கிற சக்கரத்தில் தொடங்க வேண்டும். வீடியோக்காரர் வலது பின்சக்கரம் என்றார். அவர் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் வலது. எனக்கு எட்ட இருப்பது இடது பின்சக்கரம். அந்த நாட்டுச் சாலை விதியை நங்கநல்லூரில் மூன்று மணி நேரம் மதித்திருக்கிறேன். மூன்றாம் தடவை முறைப்படி செய்தும் பெடல் சரியில்லை.

"மெத்துன்னு இருக்கா?" என்றேன் காருக்கடியிலிருந்து.

"இல்லைங்க. கெட்டியாத்தான் இருக்கு. ஆனா அழுத்திக்கிட்டே இருந்தா மெல்ல மெல்ல உள்ள இறங்குது."

"அது ஏர்தான். மிதி."

இரவு எட்டு மணிக்கு மானத்தை விட்டு பாய்க்குப் போன் போட்டேன். குமிழி, நிப்பிள், வீடியோ என்று விளக்க ஆரம்பித்தேன். பாய் இடைமறித்தார்: "பெடல் மிதிச்சது யாரு சார்?"

"என் வீட்டுக்காரம்மா."

"அவங்ககிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, ரெண்டு தரம் மிதிச்சா பெடல் மேல வருதா?" "இல்லை பாய், முதல் மிதிலயே மேலதான் இருக்கு." "ஸ்பாஞ்ச் மாதிரி?" "இல்லை. கெட்டி. ஆனா காலை எடுக்காம அழுத்தினா சீராக் கீழ போகுது." "சக்கரத்துல, குழாயில எங்கயாவது ஒழுகல்?" "வாட்ச்மேன் டார்ச் அடிச்சுப் பாத்தார். எங்கயும் இல்லை."

"மாஸ்டர் கிட் போச்சும்மா."

அரை நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டாம் மிதிக்குப் பெடல் மேலே வந்தால் ஷூ இடைவெளி அதிகம். மெத்தென்று இருந்தால் காற்று. வெளியே ஒழுகாமல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் கசிகிறது. முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால் அவளுடையது. ஒரு நூல் இறுகினாலும் அவளுக்குப் பாதத்தில் தெரியும். நான் சாயங்காலம் முழுக்க அந்தக் காலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அது சொன்னதற்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நல்லா இருந்த மாஸ்டர் எப்படிப் போச்சு பாய்?" என்றேன்.

"பழைய சிலிண்டர் சார். தினம் ஓட்டறப்போ பிஸ்டன் மேல் பாதியிலதான் போய்வரும். கீழ் பாதியில துருவும் கசடும் இருக்கும். தரை வரைக்கும் மிதிச்சா வாஷர் அதுல உரசிக் கிழிஞ்சிடும். நாங்க பெடலுக்கு அடியில ஒரு கட்டை வெச்சுத்தான் மிதிப்போம். யாரு சார் தரை வரைக்கும் மிதிக்கச் சொன்னது?"

போன் ஸ்பீக்கரிலேயே இருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்மேனும் சொல்லவில்லை. ஆனால் இருவரும் டார்ச்சை என் பக்கம் திருப்பினார்கள்.

மறுநாள் பாய் வந்து மாஸ்டர் சிலிண்டரையே புதிதாக மாற்றினார். ஏர் எடுக்க ஆள் வேண்டுமே என்று நான் முன்னால் வந்தபோது, "நீங்க உக்காருங்க சார், அம்மா மிதிக்கட்டும்" என்றார். இருபது நிமிஷத்தில் முடிந்தது. நான் மாட்டிய ஷூவைப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றார். அந்த வாக்கியத்தைத் தனியாக ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஆர்.சி. 2029 வரை புதுப்பித்தாகிவிட்டது. நங்கநல்லூர்ப் பக்கம் ஒரு வெள்ளை மாருதி 800 வந்தால் யாரும் ஓரம் ஒதுங்க வேண்டியதில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஓட்டுவது அவள். பக்கத்து இருக்கையில் மிதித்துக்கொண்டு வருவது நான்.