போனுக்குள்ள வெந்நீர் காயுமா தாயி?

இந்தா தாயி, போனைக் கவுத்தி வச்சிட்டு இந்தக் கயித்துக் கட்டில்ல செத்த உக்காரு. இயற்கை வைத்தியம் படிக்கப் போறயாமே, உங்கப்பன் சொன்னான். காலேசுக்குப் போயி அஞ்சரை வருசம் கெடக்கவா, இல்ல வீட்டுல இருந்தபடியே ஆறு மாசத்துல போன்லயே முடிச்சிரவான்னு ஒனக்கு யோசனையாம். இதுல யோசிக்க என்னத்தா இருக்கு? பருத்தி வெதச்சு மாறு பிடுங்குறதுக்குள்ள நம்ம வீட்டுல ஒரு டாக்டர் மொளச்சிரும். யாருக்குக் கசக்கும்?

ஆஸ்டல் பீஸு மிச்சம். மெஸ்சு சாம்பார்ல இருந்து தப்பிச்ச. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு யோகா பண்ணச் சொல்லி வெரட்ட ஆள் இருக்காது. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே சூரிய நமஸ்காரம் பாக்கலாம். எனக்கும் லாபந்தான். பேப்பர் வாசிச்சுக் காட்ட, மாத்திரை எடுத்துக் குடுக்க, பாட்டி பாக்காத நேரத்துல ஒரு துண்டு கருப்பட்டி கொண்டுவர ஆள் வேணும்ல. அதனால நான் சொல்றதுல கொஞ்சம் சுயநலம் இருக்கும், கழிச்சுக்கிட்டுக் கேளு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். இந்த வைத்தியத்துல பல பேருக்கு மொதல்ல செய்யறதே எனிமாதானாம். அதைப் போன் வழியா எப்படிச் சொல்லிக் குடுப்பாகன்னு யோசிச்சு நேத்து ராத்திரி பூரா ஒறக்கமில்ல. நம்ம செவலை மாட்டுக்குக் குடுத்துப் பழகிக்கலாம்னு மட்டும் நெனச்சிராத. அது ஒதைக்கும்.

மண்ணு சமாச்சாரம் பரவாயில்ல. அதுக்கு நம்ம கரிசல்தான் ஒசத்தியாம்ல! ஆனா மேல் மண்ணு ஆகாது, உரமும் பூச்சி மருந்தும் குடிச்சிருக்கும். மூணு நாலு அடிக்குக் கீழ தோண்டி எடுத்து, காயவச்சு, கல்லு தூசியில்லாமச் சலிச்சு, ஊறப்போட்டு வயித்துல பத்துப் போடணும். அறுவது வருசமா இதே மண்ணுக்குள்ள பொரண்டு கெடக்கேன், ஒரு பய என்னை டாக்டர்னு கூப்பிடல. நீ போன்ல பாத்தா கூப்பிடுவானாம்.

காந்தி புஸ்தகம் படிச்சுத்தான் கத்துக்கிட்டாருன்னு நீ மடக்குவ. தெரியும். அடால்ஃப் ஜூஸ்டுன்னு ஒரு ஜெர்மன்காரர் எழுதுனதப் படிச்சாரு. கடுதாசியிலயும் பல பேருக்கு வைத்தியம் சொன்னாரு. ஆனா தென்னாப்பிரிக்காவுல இருந்தப்பவே மொதல்ல தன் வயித்துலதான மண்ணைப் போட்டுப் பாத்தாரு? பெறகு 1946 மார்ச்சுல புனா பக்கம் உருளிகாஞ்சன்னு ஒரு கிராமத்துல போயி உக்காந்து, வந்த நோயாளிகளை நேர்ல பாத்தாரு. அப்ப அவருக்கு எழுவத்தாறு வயசு. ஒனக்குப் பதினெட்டுல பஸ் ஏற மலைப்பா இருக்கு.

சரி, என் காலைப் பாரு. இந்தா, வலது பாதத்துல வெள்ளையாத் திட்டுத் திட்டா இருக்குல்ல? பூரான் கடிச்சதுன்னு ஒங்கிட்ட ஒரு பொய் சொல்லிவச்சேன். நெசம் என்னன்னா, நம்ம சனத்துல ஒரு பய மூணு மாசம் போன்ல படிச்சு, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். எனக்கு ஒறக்கம் வரலன்னதும், “வெந்நீர்க் கால்குளியல் போட்டாச் சரியாப் போகும் தாத்தா”ன்னான். அண்டாவுல ஆவி பறக்க ஊத்துனான். “சூடு தாங்குதா?”ன்னு மரியாதையாத்தான் கேட்டான். “இன்னும் ஊத்துறா”ன்னேன். பதினாலு வருசத்துச் சக்கரை, பாதம் மரத்துப்போயிக் கெடந்தது எனக்கே தெரியல. என் காலு எனக்கே பொய் சொல்லுச்சு. விடிஞ்சு பாத்தா ரெண்டு பாதமும் பூரியா உப்பிக் கெடக்கு. இருவத்திரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்டாக.

அந்தப் பயலைக் குத்தஞ்சொல்ல மாட்டேன். அவன் படிச்ச போனுக்குக் காலு இல்ல, மரத்துப்போக.

அதே ஆஸ்பத்திரியில யோகா, இயற்கை வைத்தியத்துக்குன்னு தனிப் பிரிவு உண்டு. அங்க ஒரு சின்னப் பொண்ணு, ஒன்னைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும், டாக்டரம்மா. கண்ணை மூடச் சொல்லுச்சு. “தொடும்போது சொல்லுங்க தாத்தா”ன்னுச்சு. நான் காத்திருந்தேன், காத்திருந்தேன், ஒண்ணும் வரல. கண்ணைத் தொறந்தா, பஞ்சை வச்சு மூணு தடவை தொட்டு முடிச்சிருக்கு. “ஒங்களுக்கு வெந்நீர்க் கால்குளியல் ஆகவே ஆகாது”ன்னு சீட்டுல எழுதிருச்சு. ஆகுறவுகளுக்கும் தண்ணிக்குள்ள டிகிரி பாக்குற கண்ணாடிக் குச்சியை விட்டு, நாப்பதுக்குப் பக்கம் இருக்கான்னு பாத்து, ஒரு டம்ளர் தண்ணி குடிக்க வச்சு, தலையில ஈரத்துணி போட்டுத்தான் காலை எறக்குமாம். எங்க படிச்ச தாயின்னு கேட்டேன். சென்னை அரும்பாக்கத்துல அரசாங்கக் காலேசாம், 2000-ல ஆரம்பிச்சது. பி.என்.ஒய்.எஸ்.னு பட்டம். நாலரை வருசம் பாடம், பெறகு ஒரு வருசம் ஆஸ்பத்திரியிலயே பயிற்சி. பாடத்துல செத்த ஒடம்பை அறுத்துப் பாக்குறதும் உண்டாம். எனக்கு வைத்தியம் செய்ய மாட்டேன்னு சொல்றதுக்கே அந்தப் புள்ள அம்புட்டு வருசம் படிச்சிருக்கு பாத்துக்கோ.

நான் போனுக்கு விரோதி இல்ல. ஒடம்புல 206 எலும்பாம். அதுக பேரைப் போன்ல போட்டுத் திருப்பித் திருப்பிக் கேளு, வாத்தியாரைத் திருப்பிச் சொல்லச் சொன்னா மொறைப்பாரு. 2020-ல கொரோனா வந்தப்ப பெரிய பெரிய காலேசே போன்லதான் பாடம் நடத்துச்சு. பாடம் நடந்துச்சு, வாஸ்தவம். வயித்தை அமுக்கிப் பாக்குறது நடந்துச்சா? நோயாளி “வலிக்கலையே”ன்னு சொல்லிக்கிட்டே மூஞ்சியைச் சுளிப்பான் பாரு, அதை எந்த வீடியோவுல நிறுத்திப் பாப்ப? நம்ம ஊர்க்காரன் சொல்ற உண்மையெல்லாம் மூஞ்சியிலதான் இருக்கும், வாயில இருக்காது. நானே சாட்சி.

ஆனா ஆறு மாசம்னா ஆறு மாசந்தான், ஒன் இஷ்டம். போர்டு எழுத ஆள் நான் பாக்கேன். பேருக்கு முன்னால டாக்டர்னு போடலாமா, பதிவு நம்பர் எதுன்னு ஒரு ஆபீசர் வந்து கேட்டா மட்டும் என்னைக் கூப்பிடாத. எனக்குக் காது கேக்காது.

காலேசுக்குன்னா ஒரு ஒத்தாசை பண்ணுவேன். மரத்துப்போன காலு எப்படியிருக்கும்னு ஒங்க வாத்தியாரம்மா புள்ளைகளுக்குக் காட்ட ஆள் தேடுவாகல்ல, நானே வாறேன். கூலி வேண்டாம். ரயில் டிக்கெட்டு ஒங்கப்பன் செலவு, கீழ் பெர்த்து. காலேசுப் பக்கத்துல நல்ல கருப்பட்டிக் காப்பி எங்க கெடைக்கும்னு மட்டும், பாட்டிக்குத் தெரியாம, விசாரிச்சு வையி.