துரை மாறினால் தோட்டம் மாறுமா?

கேள்வி: எங்கள் தேயிலைக் கம்பெனியின் கன்ஃபிகரேஷன் மேனேஜர் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். 'வெற்றி' என்கிறது திரை. ஆனால் மேனேஜ்மென்ட் பொயின்ட் மட்டும் ஏற மறுக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா?
– கணினிப் பொறுப்பாளர், ஹட்டன்

பதில்: பொறுங்கள் ஐயா! பிரட்டுக்களத்துக்கு ஓர் ஆள் வரவில்லை என்று எந்தத் துரையும் தேயிலைச் செடியைப் பிடுங்குவதில்லை, செக்ரோலைத்தான் (வருகைப் பதிவேட்டை) கேட்பார். உங்கள் சேர்வரின் செக்ரோல், 'சைட்காம்ப்' என்னும் லொக் கோப்பு. எந்தக் கூறு, எத்தனை மணிக்குத் தவறியது என்று அதில் இருக்கும். அடுத்து எம்.பி.செட்டப், அதன்பின் எம்.பி.எம்.எஸ்.ஐ. லொக். கடைசியாகச் சொன்னதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடி, அதற்குச் சற்று மேலே வாசியுங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் பதுங்கியிருப்பார்.

வழக்கமான சந்தேக நபர்கள் மூவர்: ஐ.ஐ.எஸ். அல்லது பிட்ஸ் சரியாக இல்லாதது. விண்டோஸ் ரீஸ்டார்ட் கேட்டும் நீங்கள் கொடுக்காதது. மேனேஜ்மென்ட் பொயின்ட் வேறு சேர்வரில் இருந்தால், அதன் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் பிரதான சேர்வரின் கணக்கு இல்லாதது. மூன்றாமவரை யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் அவருடைய பலம்.

காரணத்தைத் திருத்திவிட்டால், சைட் கொம்பொனன்ட் மேனேஜர் வழக்கமாக 60 நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே மறுபடி முயலும். அவசரமென்றால் அந்த சேர்விஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவசரமில்லையென்றால் ஒரு பிளேன்டீ குடியுங்கள். மனேஜர் கேட்டால் "சேர்வர் முயற்சி செய்துகொண்டிருக்கிறது" என்று சொல்லலாம். வேலையும் நடக்கும், பொய்யும் ஆகாது!