மூன்று ஹாம்லெட்டுகள்

கேள்வி: ‘ஹாம்லெட்’ நாடகத்தின் பழைய பதிப்புகளுக்குள் அப்படியென்ன பெரிய வித்தியாசம்?

பதில்: பெயரிலேயே ஆரம்பிக்கிறது! 1603 பதிப்பில் அரசவை ஆலோசகர் பொலோனியஸைத் தேடினால் கிடைக்கமாட்டார். அங்கே அவர் கொராம்பிஸ். அடுத்து வந்த 1604-05 பதிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்போ, நார்வே படையைப் பார்த்து ஹாம்லெட் தன்னையே நொந்துகொள்ளும் தனிமொழியை விழுங்கிவிட்டது. அவன் மனம் திறக்கும் இடம் அது. அதைப் போய் வெட்டலாமா? 1603 பதிப்பை, நடிகர் யாரோ ஞாபகத்திலிருந்து ஒப்பித்தது என்று அறிஞர்கள் பலர் ஓரங்கட்டுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. அரசியின் அறையில் ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி இரவு அங்கியோடு நுழைவது அதில்தான். அந்தத் தந்தையின் கொலையைப் பற்றி எதுவுமே தெரியாது என்று அரசி சத்தியம் செய்து, மகன் பக்கம் நிற்பதும் அதில்தான். மேடையேற்ற நினைப்பவர்கள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.