பஸ் கம்பெனிக்குக் கிடைத்த ராஜ முத்திரை

துருக்கியின் தலைநகரமான அங்காராவில் டவுன் பஸ் ஓட்டும் மாநகராட்சி நிறுவனத்தின் பெயர் ஈ.ஜி.ஓ. (சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.) 2011 ஆகஸ்டில் இதற்கு, ‘இந்த வெப்சைட் அசல்தான்’ என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒரு சாதாரண எஸ்.எஸ்.எல். சர்டிபிகேட் தேவைப்பட்டது. கொடுத்த கம்பெனி டர்க்ட்ரஸ்ட். டெஸ்டிங்குக்கு வைத்திருந்த செட்டிங்கை அவர்கள் நிஜ சிஸ்டத்திலும் விட்டுவைத்திருந்தார்கள். ஆக, பஸ் கம்பெனி கைக்கு வந்தது வெறும் சர்டிபிகேட் அல்ல. உலகத்தில் எந்த வெப்சைட்டுக்கு வேண்டுமானாலும் சர்டிபிகேட் எழுதிக்கொடுக்கும் அதிகாரம்!

ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் உறைக்கவில்லை. 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கூகுள் பெயரில் கூகுளுக்கே தெரியாத ஒரு சர்டிபிகேட் உலவுவதை க்ரோம் பிரவுசர் கண்டுபிடித்தது. கையெழுத்து யாருடையது என்று விரட்டிக்கொண்டு போனால், அங்காரா டவுன் பஸ்!

மார்க் ஷீட் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் பச்சை மைக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு இந்த விவகாரத்தை விளக்கவே வேண்டாம். ஒரு வெப்சைட் தன் சர்டிபிகேட்டை நீட்டுகிறது. அதில் ஒரு இடைநிலை ஆபீசரின் கையெழுத்து. அந்த ஆபீசர் யார் என்பதற்கு அவருக்கு மேலே உள்ளவரின் கையெழுத்து. இப்படியே ஏறிப்போனால் உச்சியில் ‘ரூட்’ என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு யார் கையெழுத்துப் போடுவது? அவரே போட்டுக்கொள்வார்!

பிரவுசர் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் சில கேள்விகள் கேட்க வேண்டும். பெயர் பொருந்துகிறதா, தேதி தாண்டிவிட்டதா, கையெழுத்து அசலா, உச்சியில் இருப்பவர் நம் பட்டியலில் உண்டா. கடைசியாக ஒன்று: கையெழுத்துப் போட்ட ஆசாமிக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இருக்கிறதா? கையெழுத்துக்குப் பின்னால் மேதைகள் வடிவமைத்த கணக்கு ஏமாற்றியது அபூர்வம். ஆனால் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

முதல் மரியாதை மைக்ரோசாஃப்டுக்கு. 2002இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற இளைஞர் (பிற்பாடு சிக்னல் செயலியைத் தொடங்கியவர் இவர்தான்) ஒரு விஷயத்தைக் கவனித்தார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை! ஊறுகாய் விற்கும் சைட்டுக்கு நீங்கள் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட்டை வைத்து, ஒரு பேங்க்குக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம். சங்கிலி சரியாகத்தான் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் பூட்டுப் படத்தைக் காட்டி வணக்கம் வைக்கும்.

ஊரே சிரித்தது. மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்தது. இனி யாராவது இந்தத் தப்பைச் செய்வார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? செய்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 2011 ஜூலையில், ஐபோனில் அச்சு அசலாக அதே ஓட்டையை ஆப்பிள் அடைத்துக்கொண்டிருந்தது.

சரி, ப்ரோகிராமர்களையும் சும்மா விடக்கூடாது. கர்ல் என்ற பிரபலமான லைப்ரரியில் பெயர்ப் பொருத்தம் பார்க்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. 0 என்றால் பார்க்காதே. 2 என்றால் ஒழுங்காகப் பார். நடுவில் இருந்த 1க்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘சர்டிபிகேட்டில் பெயர் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார், யார் பெயர் என்பது நமக்கு எதற்கு?’

பி.எச்.பி. எழுதும் நல்ல பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ‘சரிபார்க்கவா?’ என்று கேட்டால் ‘ட்ரூ’ என்பதுதானே பதில்? பொறுப்பாக ‘ட்ரூ’ போட்டார்கள். கம்ப்யூட்டர் அகராதியில் ட்ரூ என்றால் 1. அமேசானின் பணப் பட்டுவாடா லைப்ரரியே இந்தக் குழியில் விழுந்து கிடந்ததை 2012இல் டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். செக்யூரிட்டியை வேண்டுமென்றே அணைத்தவனைத் திட்டலாம். ஆசையாக ஆன் செய்தவனை என்ன சொல்வது?

இதுவரை பார்த்ததெல்லாம் சரிபார்க்கிறவர்களின் லட்சணம். கையெழுத்துப் போடுகிறவர்களின் லட்சணத்துக்கு நெதர்லாந்துக்கு வாருங்கள். பெவர்வைக் என்ற ஊர், டிஜிநோட்டார் என்ற கம்பெனி. நோட்டரிகள் உலகத்திலிருந்து பிறந்த நிறுவனம், டச்சு அரசாங்கமே வாடிக்கையாளர். கையெழுத்துப் போடும் சர்வர்களை மின்காந்த அலைகூடக் கசியாத அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்தக் கோட்டைக்குள் ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து ஒரு கேபிளும் போயிருந்தது.

2011 ஜூனில் ஹேக்கர் வாசல் பக்கமே போகவில்லை. கேபிள் வழியாக வந்தார். பிறகு விசாரித்த ஃபாக்ஸ் ஐ.டி. நிறுவனம் சொன்னது: சோதித்த சர்வர்களில் ஆன்டிவைரஸ் கிடையாது, பாஸ்வேர்டு நோஞ்சான். ‘நான்தான் செய்தேன்’ என்று இணையத்தில் மார்தட்டிய ஆசாமி அட்மின் பாஸ்வேர்டையே வெளியிட்டார். ‘ப்ராட் அட்மின்’ என்பதில் ஓவுக்குப் பதில் சைபர், ஏவுக்குப் பதில் அட் குறி, ஐக்குப் பதில் ஒன்று. ஒரு தேசத்தின் நம்பிக்கையை மூன்று எழுத்தை மாற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று யாரோ ஒருவர் அன்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

குறைந்தது 531 போலிகள். கூகுள் பெயரில். சி.ஐ.ஏ. பெயரில். மொசாத் பெயரில். அலுத்துப்போனாரோ என்னவோ, நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம் புள்ளி காம் என்று டாட் காம் முழுவதையும் வளைத்துப் போட ஒன்று!

ஜூலையிலேயே டிஜிநோட்டாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணில் பட்ட போலிகளைச் சத்தம் போடாமல் ரத்து செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. கூகுள் பெயரில் இருந்த ஒன்று கண்ணில் படவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருவர் ஜிமெயில் திறக்க, க்ரோம் முரண்டு பிடித்தது. கூகுள் சைட்டுகளுக்கு யார் யார் கையெழுத்துப் போடலாம் என்ற தனிப் பட்டியலைக் கூகுள் அதன் மடியில் கட்டி அனுப்பியிருந்தது. மற்ற பிரவுசர்கள் அவ்வளவு நாளும் அதே சங்கிலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தன. தப்பில்லை, அவை படித்த பாடத்தின்படி சங்கிலி சரியாகவே இருந்தது.

செப்டம்பர் 3ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு டச்சு உள்துறை அமைச்சர் பீட் ஹைன் டோனர் நிருபர்களைக் கூப்பிட்டு, அரசாங்க சைட்டுகளின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதமில்லை என்றார். அதே மாதம் டிஜிநோட்டார் திவால்.

நம் பக்கத்தை மறைத்தால் நியாயமில்லை. 2014 ஜூலையில் டெல்லியில் உள்ள மத்திய அரசின் கம்ப்யூட்டர் அமைப்பான என்.ஐ.சி. வழியாகக் கூகுள் பெயரில் போலிகள் வந்தன. இந்திய ரூட்டை க்ரோம் ஒழித்துக்கட்டவில்லை. ‘ஜிஓவி டாட் இன், என்ஐசி டாட் இன் போன்ற சில தெருக்களைத் தாண்டி விளையாடப் போகாதே’ என்று கோடு கிழித்து உட்கார வைத்தது.

இந்தக் கூத்தில் நேர்மையான மனிதரே இல்லையா? இருந்தார். 2011 ஏப்ரலில், பிரவுசர் தயாரிக்கும் மொசில்லாவின் ரூட் பட்டியலில் இடம் கேட்டு ‘ஹானஸ்ட் அச்மத்’ என்ற பெயரில், பழைய கார் விற்பவராகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, ஒரு குறும்பர் விண்ணப்பம் போட்டார். கட்டுக்கட்டாக சர்டிபிகேட் விற்றுக் காசு பார்ப்பதுதான் நோக்கம் என்றார். யாரும் கைவைக்க முடியாத அளவுக்குச் சீக்கிரம் பெரிதாகிவிடுவதுதான் திட்டம் என்றார். தன் யோக்கியதைக்குச் சாட்சியாக மாமா, சித்தப்பாக்களைக் காட்டினார்.

மொசில்லா விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. அந்த ஏப்ரலில் அவர்களுடைய பட்டியலில் டிஜிநோட்டார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.